ஆறுதலும் கடனும்

துயருற்ற காலத்தில் கவிதையை நாடுவது கோழைத்தனமா? அதிலும், உலகப் பற்றை விடச் சொல்லும் சூஃபி ஞானியரின் பாடல்களில் ஆறுதல் தேடுவது, சமுதாய மாற்றத்தை விரும்புவோர்க்கு ஒவ்வாத செயலா? ஆம் என்பர் முற்போக்கு நண்பர்கள் சிலர். பசித்தவனுக்குச் சோறும், காணி இழந்தவனுக்குக் காணியும், காணாமற்போன பிள்ளையைத் தேடும் தாய்க்கு விடையும் வேண்டியிருக்கையில், தன்னை அழித்துக்கொள்ளுமாறு பாடும் பாட்டால் யாருக்கு என்ன பயன் என்பது அவர்கள் வினா. அதனை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. வன்னியில் வாழும் நமக்கு அது வெறும் ஏட்டு வினாவும் அன்று.

2009ஆம் ஆண்டு மே மாதம் முள்ளிவாய்க்காலில் போர் முடிந்தது. 2,50,000க்கும் மேற்பட்ட மக்கள் செட்டிகுளத்திலும் பிற இடங்களிலும் முள்வேலிக்குள் அடைக்கப்பட்டனர். அவர்களுள் நானும் ஒருவன். எங்கள் தறப்பாள் கூடாரத்துக்குப் பக்கத்தில் ஒரு முதியவர் இருந்தார். மனைவியையும் மகனையும் ஒரே நாளில் இழந்தவர். பகலெல்லாம் தண்ணீர் வரிசையில் நிற்பார், எவருடனும் பேசமாட்டார். இரவானதும் தாழ்ந்த குரலில், கண்ணி கண்ணியாக, ஒரு பாட்டைப் பாடுவார். சுற்றியிருந்த கூடாரங்களில் பலர் அதைக் கேட்ட பின்னரே கண்ணயர்ந்தனர். யாருடைய பாட்டு என்று ஒருநாள் கேட்டேன். "சித்தர் பாட்டு, தம்பி. எங்கட அப்பு பாடுவார். பாடி வைச்சவர் ஆரெண்டு எனக்குத் தெரியாது" என்றார்.

பின்னர் பல்கலைக்கழகத்தில் தமிழ் பயின்றபோதுதான் அது குணங்குடி மஸ்தான் சாகிபுவின் பாடல் என்று அறிந்தேன். தொண்டிக்கு அண்மையிலுள்ள குணங்குடியில் 1792இல் பிறந்த சுல்தான் அப்துல் காதிரே பின்னாளில் மஸ்தான் சாகிபு எனப் பெயர் பெற்றார். இல்லறத்தைத் துறந்து, காடும் மலையும் அலைந்து, இறுதியில் சென்னையில் வாழ்ந்து 1838இல் மறைந்தார். தாயுமானவர் கையாண்ட பராபரக் கண்ணி என்னும் வடிவத்தை அவரும் கையாண்டார். இறைவனை மனோன்மணி என்னும் காதலியாக்கிப் பாடினார். திருத்தணிகைச் சரவணப்பெருமாள் ஐயர் அவர்மீது நான்மணிமாலை பாடினார் என்றால், சமய வேலிகளைக் கடந்து அவர் எவ்வளவு தூரம் சென்றார் என்பது விளங்கும்.

இப்பாடல்கள் ஏன் ஆற்றுகின்றன? பிரிவே சூஃபிக் கவிதையின் தாய்மொழி. இறைவனைப் பிரிந்த உயிரின் ஏக்கத்தைப் பாடவே அது பிறந்தது. ஆதலால் மகனைப் பிரிந்தவனும், மண்ணைப் பிரிந்தவனும் தன் துயருக்கு ஏற்ற சொற்களை அங்கே காண்கிறான். அழாதே என்று அது தடுப்பதில்லை. இழந்தது திரும்பிவரும் என்று பொய்யும் சொல்வதில்லை. அழுகைக்கு ஒரு தாளத்தைத் தருகிறது. பேச்சிழந்த முதியவர் இரவில் வாய்திறந்தது அதனால்தான்.

ஆயினும் இது அபின் அன்றோ என்று கேட்கலாம். மதத்தை அபினுக்கு ஒப்பிட்ட மார்க்ஸ், 1844இல் வெளியான அதே கட்டுரையில், மதத்தில் வெளிப்படும் துயரம் மெய்யான துயரமே என்றும், அத்துயருக்கெதிரான மறுப்பும் அதனுள் உண்டு என்றும் ஒப்புக்கொண்டதை நம்மவர் பலர் மறந்துவிடுகின்றனர். அக்கால ஐரோப்பாவில் அபின் நோவைத் தணிக்கும் மருந்தாகவும் பயன்பட்டது என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது. மார்க்சியவாதியான ஃபைஸ் அகமது ஃபைஸ் 1951இல் பாகிஸ்தானில் கைதாகிச் சிறையில் ஆண்டுகள் பல கழித்தார். அங்கிருந்து அவர் எழுதிய கவிதைகளில் சூஃபி மரபின் காதலியே நாடாகவும் விடுதலையாகவும் உருமாறினாள். 922இல் பக்தாதில் கொல்லப்பட்ட மன்சூர் அல் ஹல்லாஜின் முழக்கத்தை, 1979இல் தாம் எழுதிய கவிதையொன்றில் அடக்குமுறைக்கு எதிரான முழக்கமாக்கினார். ஆகவே ஆறுதல் தேடுவது தன்னளவிற் குற்றமன்று. நொந்து கிடப்பவன் எழுந்து நடப்பதற்கும் அது வேண்டியிருக்கிறது.

என் மனத்தை உறுத்துவது வேறொன்று. அந்தப் பாட்டு நம்மிடம் யாருடைய வழியாக வந்ததோ, அவர்கள் எங்கே?

1990 ஒக்ரோபர் இறுதியில் விடுதலைப் புலிகள் வடமாகாணத்திலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றினர். யாழ்ப்பாணத்தில் அவர்களுக்குக் கொடுக்கப்பட்டது இரண்டு மணிநேர அவகாசமே. நமது முல்லைத்தீவிலிருந்தும், தண்ணீரூற்றிலிருந்தும் தலைமுறை தலைமுறையாய் வாழ்ந்தவர்கள் வீட்டையும் வயலையும் விட்டு நடந்தனர். மொத்தத்தில் 70,000க்கும் மேற்பட்டோர் அகதிகளாயினர். பெரும்பாலோர் புத்தளத்தில் ஓலைக் குடிசைகளில் ஒதுங்கினர். அதனைச் செய்தவர்கள் ஆயுதம் தரித்தோர் என்பது உண்மை. எதிர்த்துப் பேசினால் உயிர் தங்காது என்பதும் உண்மை. ஆனால் அச்சம் நீங்கிய பின்னரும் நம்முட் பலர் பேசவில்லையே, அதற்கு என்ன சமாதானம்?

நாம் பட்டது குறைவா, கிழக்கில் தமிழரும் கொல்லப்படவில்லையா என்பர் சிலர். உண்மைதான். ஆனால் ஒருவன் பட்ட துயர், அவன் பெயரால் பிறர்க்கு இழைக்கப்பட்ட துயரைக் கழித்துவிடும் கணக்கன்று. 2009க்குப் பின் முஸ்லிம்கள் மீண்டுவந்தபோது, அவர்களின் காணிகள் பல காடேறிக் கிடந்தன. 1990இல் போனவர்கள் ஒரு குடும்பம். திரும்பும்போது பிள்ளைகள் மணமாகி மூன்று குடும்பம். அவர்களுக்குக் காணி ஒதுக்க முற்பட்டபோது முல்லைத்தீவில் எதிர்ப்புக் கிளம்பியது. காணியற்ற தமிழ் ஏழையின் கோரிக்கை நியாயமானதே. ஆனால் அவனுடைய எதிரி புத்தளத்திலிருந்து திரும்பிய இன்னொரு ஏழை அல்லன். இரு ஏழைகளும் ஒரே துண்டு நிலத்துக்கு மோதிக்கொள்ளும்போது, படையினர் வசமுள்ள நிலத்தைப் பற்றி யார் கேட்பார்?

சூஃபி ஞானியர் தகர்க்கச் சொன்ன அகந்தை தனிமனிதனின் 'நான்' மட்டுமன்று என்று நான் கருதுகிறேன். சாதியாகவும் இனமாகவும் வளர்ந்த 'நாம்' அதைவிடக் கொடியது. ஏனெனில் தனியொருவனாகச் செய்ய நாணுவதைக் கூட்டமாகச் செய்ய அது துணிவளிக்கிறது. மஸ்தான் சாகிபுவின் பாட்டில் என் துயரை மட்டும் கேட்டு நான் உறங்கிவிட்டால், அது அபின்தான். அதே பாட்டு, என்னைப் போலவே வீடிழந்து நடந்தவனின் துயரையும் என் செவியிற் சேர்க்குமாயின், அது மருந்து. ஆறுதல் பெற்றவன் கடன்பட்டவன்.

ஆசிரியர்களாகிய நாம் அக்கடனைத் தீர்க்கத் தொடங்கும் இடம் வகுப்பறை. இஸ்லாமியத் தமிழ் இலக்கியம் பற்றி ம. மு. உவைஸ் நூல் வெளியிட்டது 1953இல். அந்த இலக்கியத்தைப் பாடவேளையில் புகழ்ந்துவிட்டு, அதைப் போற்றிய மக்களை வரலாற்றிலிருந்து விட்டுவிடுவது நேர்மையன்று. மாணவர்க்கு 2009ஐச் சொல்லும் நாவினாலேயே 1990ஐயும் சொல்வோம். மீண்டுவந்த குடும்பத்துப் பிள்ளை வகுப்பினுள் நுழையும்போது, அது விருந்தாளியன்று, இம்மண்ணின் பிள்ளை என்பதை மற்றப் பிள்ளைகள் உணரச் செய்வோம். காணிக்கான கூட்டங்களில் இரு சாராரும் ஒருசேர அமர வழிதேடுவோம்.

அம்முதியவர் முகாமிலிருந்து வெளியேறிச் சில ஆண்டுகளில் மறைந்தார். தாம் பாடியது யாருடைய பாட்டு என்பதை அவர் அறியாமலே போனார். அறிந்த நாம் அறியாதவர்போல் இருக்கலாகாது.