நாவுக்குத் தெரியாத வேற்றுமை

நம் கடைக்கு ஒருவர் பத்து வருஷமாக வருகிறார் என்றால் அதை நம் சாமர்த்தியத்தின் பலன் என்று எண்ணிக்கொள்கிறோம். உண்மையில், முன்பு வாங்கிய இறைச்சி நன்றாயிருந்தது, உண்டவர்களுக்குத் தீங்கு வரவில்லை என்ற அனுபவமே அவரைத் திரும்ப அழைத்து வருகிறது. அந்த அனுபவம் எதைக் காட்டும், எதைக் காட்டாது என்று வியாபாரிகளாகிய நாம் சற்று யோசிக்க வேண்டும்.

2022ஆம் வருஷம் ஜூன் முதல் தேதி மலேசியா கோழி ஏற்றுமதியை நிறுத்தியது நம் எல்லோருக்கும் நினைவிருக்கும். சிங்கப்பூருக்கு வேண்டிய கோழியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அங்கிருந்தே வந்துகொண்டிருந்தது. பெரும்பாலும் உயிருடன் வந்து இங்கே அறுக்கப்பட்டவை. தேக்கா முதலிய சந்தைகளில் அன்றறுத்த கோழி அரிதாயிற்று. அக்டோபரில் தடை நீங்கும் வரை அநேகக் குடும்பங்கள் பிரேசில் முதலிய தேசங்களிலிருந்து உறைந்து வரும் கோழியை வாங்கின. ஆணத்தில் போட்டால் வேற்றுமையே தெரியவில்லை என்றவர்களும் உண்டு. சூப்புக்கு ஆகாது என்றவர்களும் உண்டு.

இங்கேதான் ஒரு கேள்வி பிறக்கிறது. வேற்றுமை தெரியாத ஒருவருக்கு, உறைந்த கோழியை ஐஸ் போக வைத்து, அன்றறுத்தது என்று சொல்லி விற்றால் என்ன குற்றம்? அவருக்கு ஒரு நஷ்டமும் இல்லையே என்று சிலர் வாதிக்கலாம்.

நஷ்டம் உண்டு. உறைய வைப்பதால் கிருமிகள் எல்லாம் சாவதில்லை, அடங்கிக் கிடக்கின்றன. ஐஸ் விட்டுச் சூடேறினால் மீண்டும் பெருகுகின்றன. புதியது என்று நம்பியவர் பாதியைச் சமைத்து, மீதியைத் தம் வீட்டுப் பெட்டியில் மறுபடி உறைய வைப்பார். உண்மை தெரிந்திருந்தால் அன்றே முழுவதையும் சமைத்திருப்பார்.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்றுண்டு. நாவுக்குத் தெரியாதது நஷ்டமல்ல என்றால், ஹலால் என்பதற்கே பொருளில்லாமற் போகும். எந்த முறையில் அறுத்தார்கள் என்பதை எந்த நாவு ருசித்துச் சொல்லும்? இஸ்லாமிய சமய மன்றமாகிய முயிஸ் 1978 முதல் ஹலால் சான்றிதழ் வழங்கி வருகிறது. ஆயினும் சான்றிதழ் சுவரில் தொங்குகிறது. கத்தியும் பலகையும் நம் கையிலல்லவா இருக்கின்றன! திருமறையும் உணவைப் பற்றிச் சொல்லுமிடத்தில் ஹலாலையும் தய்யிபையும், அதாவது ஆகுமானதையும் நலமானதையும், சேர்த்தே சொல்கிறது. இரண்டிலும் வாங்குபவர் நம் சொல்லையே நம்புகிறார்.

தானியக் குவியலுக்குள் கைவிட்டு ஈரத்தைக் கண்ட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், நனைந்ததை ஜனங்கள் பார்க்கும்படி மேலே வைக்கச் சொன்ன சம்பவத்தை மதரஸாவில் ஓதிய யாவரும் அறிவோம். மழையில் நனைந்தது குற்றமாகவில்லை. மறைத்ததே குற்றமாயிற்று.

ஆகவே உறைந்த கோழி விற்பது இழிவன்று. "இது ஐஸ் கோழி, இன்றே சமைத்துவிடுங்கள்" என்று சொல்வதால் ஒரு விற்பனை போகலாம். ஆனால் அதைக் கேட்டும் மறுவாரம் வருகிறவரே நம் உண்மையான வாடிக்கைக்காரர். பொய்யினால் வருகிறவர், தாம் வாங்காத ஒரு பொருளின் பேரில் நம்பிக்கை வைத்து வருகிறார். வாடிக்கை நமது சொத்தன்று, சகோதரர்களே; நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம்.