தலைவன் எப்போது தறியைத் தொடலாம்?

காஞ்சிக்கு அருகே முசரவாக்கம் என்றோர் ஊர். அவ்வூர்த் தோழர் ஒருவர் அண்மையில் என்னைக் கேட்டார்: "பொறுப்பைத் தோழர்களிடம் ஒப்படைத்தாயிற்று. அவர்கள் செல்லும் வழி சரியில்லை என்று தோன்றினால், தலைவர் குறுக்கிடலாமா? கூடாதா?"

நல்ல கேள்வி. விடை தேடி ஏடுகளைப் புரட்ட வேண்டியதில்லை. காஞ்சிப் பட்டுத்தறியின் முன் சிறிது நேரம் நின்றாலே போதும்.

உடல் ஒரு நிறம், கரை வேறொரு நிறம். இரண்டையும் இழைக்கு இழை கோர்த்து நெய்வதற்குக் கோர்வை என்று பெயர். நெய்பவர் உடல் நாடாவை எறிவார். பக்கத்தில் அமர்ந்த துணையாள் கரை நாடாவை எறிவார். எப்போது இழுப்பது, எப்போது தளர்த்துவது என்பதை அவ்விருவர் கைகளும் அறியும். அந்த வேளையில் முதலாளியேயாகட்டும், சங்கத் தலைவரேயாகட்டும், கோட்டையிலிருந்து வந்த அமைச்சரேயாகட்டும், "இப்படி எறி" என்று கை நீட்டினால் அறுவது இழை! தறி அறியாதவர்க்குத் தறிமுன் வேலை இல்லை.

ஆயினும் கை நீட்டாத தலைவர் எத்தனை பேர்? குற்றம் தலைவருடையது மட்டுமா? "ஆண்டவன் பார்த்துக்கொள்வான்" என்பதை மூடத்தனம் என்று எள்ளி நகையாடும் நாமே, "தலைவர் பார்த்துக்கொள்வார்" என்று மாலையோடு காத்து நிற்கிறோமே, இது எந்தப் பகுத்தறிவு? கோயில் நகரத்துக் காற்று நம்மீதும் சற்று வீசிவிட்டது போலும்!

இந்தியாவிலேயே முதல் நகரக் கூட்டுறவுக் கடன் சங்கம் 1904 அக்டோபரில் பதிவானது எங்கே? பம்பாயிலா, கல்கத்தாவிலா? இல்லை, காஞ்சிபுரத்தில்! எளியவர் தம் காசைத் தாமே சேர்த்து, தமக்குத் தாமே கடன் கொடுத்து, தம் கணக்கைத் தாமே பார்ப்பதே கூட்டுறவு. அந்தக் கூட்டுறவு தமிழ்நாட்டில் பிற்காலத்தில் பட்டபாடு என்ன? 2001க்குப் பின் பல ஆண்டுகள் தேர்தல் இல்லை. ஆண்டுக்கணக்கில் தனி அலுவலர் ஆட்சி. கேட்டால், "கணக்கில் ஊழல்" என்றனர். ஊழல் இருந்தால் அலுவலர் வரட்டும், பெட்டியைத் திறக்கட்டும், திருடியவனைப் பிடிக்கட்டும்! ஆனால் வந்த அன்றே போகும் நாளையும் சொல்ல வேண்டாமா? ஆறு திங்களுக்கு மேல் நிர்வாகக் குழுவை முடக்கி வைக்கலாகாது என்று 2011ல் நிறைவேறிய 97ஆம் அரசியல் சட்டத் திருத்தம் கூறிற்று. மாநிலங்களின் ஒப்புதலின்றி நிறைவேறியது என்பதால், மாநிலக் கூட்டுறவுகளுக்கு அது செல்லாது என உச்சநீதிமன்றம் 2021ல் தீர்ப்பளித்தது. மாநில உரிமை என்ற வகையில் அத்தீர்ப்பை வரவேற்பவன் நான். எனினும், டில்லி தலையிடலாகாது என்று வாதாடும் நாம், சென்னைக் கோட்டையிலிருந்து நெசவாளர் சங்கத்தில் தலையிட்டால் மட்டும் அது நியாயமாகிவிடுமா?

இவ்வளவும் கேட்ட முசரவாக்கத் தோழர், "அப்படியானால் தலையிடவே கூடாது என்கிறீர்களா?" என்றார்.

இல்லை, தோழரே! அதே தறியை மறுபடியும் பாருங்கள். கரை நாடாவை எறியும் துணையாள் யார்? பல தறிகளில், பல்லாண்டுக் காலம், அது பத்து வயதுப் பிள்ளை! பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்கு ஈடாகத் தறிப்பக்கம் அமர்த்தப்பட்ட பிள்ளை. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976லேயே வந்துவிட்டது. 2003ல் மனித உரிமைக் கண்காணிப்பகம் வெளியிட்ட அறிக்கையோ, காஞ்சிப் பட்டுத்தறிகளில் அந்தக் கொடுமை நீடித்ததை எடுத்துரைத்தது. தட்டிக் கேட்டவர்களுக்குக் கிடைத்த பதில் என்ன? "இது எங்கள் தொழில், எங்கள் குடும்பம், வெளியார்க்கு இங்கு என்ன வேலை?"

சற்றுமுன் நான் தறிக்காரருக்காகப் பேசிய அதே பேச்சு! அப்போது அது உரிமைக் குரல். இப்போது அது பூட்டிய கதவு. வேறுபாடு எங்கே? நெய்பவர் தவறு செய்தால் நட்டம் அவருக்கு. சேலை கெடும், கூலி குறையும், அடுத்த சேலையில் திருத்திக்கொள்வார். அந்தப் பிள்ளையோ எழுந்து போக முடியாது. "மாட்டேன்" என்று சொல்ல முடியாது. இழந்த பள்ளி ஆண்டுகள் திரும்பி வாரா. தலைவருக்கு அதிகம் தெரியும் என்பதற்காகத் தலையிடுவது ஆணவம். மறுக்க வாயற்ற ஒருவர்மீது மற்றவரின் சுதந்திரம் ஏறி அமர்ந்திருக்கும்போது தலையிடாதிருப்பது கோழைத்தனம்.

எல்லைக்கோடு எப்போதும் இவ்வளவு தெளிவாக இராது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். பதினான்கு வயதுக்குட்பட்டோரை வேலைக்கு வைப்பதைத் தடுக்க 2016ல் திருத்தப்பட்ட சட்டமே, பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலுக்கு உதவலாம் என்று ஒரு வாசலைத் திறந்து வைத்தது. உதவி எங்கே முடிகிறது, உழைப்பு எங்கே தொடங்குகிறது?

தோழர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: "அந்தத் தறி என் மாமா வீட்டுத் தறியாக இருந்தால்?"

"முதலில் அந்த வீட்டுக்குப் போங்கள்" என்றேன்.