குடியொழிதற்குக் கூட்டம் வேண்டுமோ?

உயிர் சார்ந்ததன் வண்ணமாம் இயல்பிற்று என்பது சித்தாந்தத் துணிபு. இதனைப் பல்லாண்டு பிறர்க்குப் பாடஞ்சொல்லிய யானே ஒருகால் இதனை மறந்தேன். அம்மறதியால் விளைந்த பிழையை ஈண்டு மறையாது கூறுகின்றேன்.

சில ஆண்டுகட்கு முன், என்பால் தமிழ் பயின்றார் ஒருவர் மாலைப்பொழுதில் என் இல்லம் போந்து, திண்ணையில் நெடுநேரம் வாளாவிருந்தார். பின்னர், "ஐயா, குடியை விட முயன்றும் இயலவில்லை. என்போல்வார் கூடும் கூட்டமொன்று உண்டென்று மருத்துவர் கூறினார். அது கிறித்தவர் கோயிலை யடுத்த ஓர் அறையில் நடைபெறுகின்றது. செல்லலாமா?" என்று வினவினார். யானோ, "திருநீறும் திருவைந்தெழுத்தும் இருக்கக் குடிப்போர் நடுவில் உமக்கு என்ன வேலை? மனவுறுதி கொள்ளும்" என்று கூறி விடுத்தேன். அவர் தலைகவிழ்ந்து சென்றார். அதன்பின் ஓராண்டளவும் குடியிலேயே உழன்றார். முடிவில் அவர்தம் மனைவியாரே அவரை அக்கூட்டத்திற்கு அழைத்துச் சென்றனர். அவர் மீண்டார் என்று கேட்டபின்னரே அக்கூட்டத்தின் வரலாற்றை யான் ஆராயப் புகுந்தேன்.

அது 1935-ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஒகையோ மாகாணத்து ஆக்ரன் நகரில் தோன்றியது. நியூயார்க்கில் பங்குத் தரகு செய்த பில் வில்சன் என்பார் குடியை விட்டுச் சில திங்களே ஆகியிருந்த காலையில், தொழில் கருதி அவ்வூர் சென்று, அது தோல்வியுற, விடுதியில் தனித்திருந்தார். அருகில் மதுவருந்துமிடம் அவர் உள்ளத்தை ஈர்த்தது. மற்றொரு குடிநோயாளரொடு பேசினாலன்றித் தாம் தப்புதல் அரிதென உணர்ந்து, தொலைபேசி வழியே மதகுருமாரை வினவி, முடிவில் பாப் ஸ்மித் என்னும் மருத்துவரைக் கண்டார். கால்மணி நேரமே இருப்பேன் என்று வந்த மருத்துவர் பல மணி நேரம் உடனிருந்தார். பின் ஒருமுறை வழுவினாராயினும், அவ்வாண்டு சூன் 10-ஆம் நாளுக்குப்பின் 1950-இல் இறக்குமளவும் அவர் மது தொட்டிலர். அந்நாளே 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' என்னும் அக்கூட்டுறவின் தோற்ற நாளாகக் கொள்ளப்படுகின்றது. அவர்தம் பன்னிரு படிகள் 1939-இல் நூலாக வெளிவந்தன. அதிற் சேர்தற்குக் கட்டணமில்லை; குடியை விடும் விருப்பொன்றே வேண்டுவது.

இனி, "மதுவின் முன் தம்மால் இயலாதென்று ஒப்புக்கோடலே அவர்க்கு முதற்படி, உயிர்க்கு இச்சை, அறிவு, செயல் உண்டென்னும் நம் கொள்கைக்கு இது மாறன்றோ?" எனின், அற்றன்று. காணும் ஆற்றல் கண்ணுக்கு உண்டெனினும் ஒளியின் துணையின்றி அது காணாது. அங்ஙனமே உயிரின் ஆற்றலும் துணைபெற்றே விளங்கும். "யான் நினைத்தால் இன்றே விடுவேன்" என்று குடிப்பவன் கூறுவதே செம்பிற் களிம்புபோல் உடனிருக்கும் ஆணவத்தின் குரல். அது தணிந்த விடத்தன்றித் துணை கொள்ளுதல் நிகழாது.

"குருடர்க்குக் குருடர் வழிகாட்டுதல் யாங்ஙனம்?" எனின், சேற்றில் அமிழ்ந்து கரையேறினவனே அடிவைக்குமிடம் அறிவான். கற்றேன் என்றிருந்த யான் அம்மாணவர்க்கு அளித்தது நாணமொன்றே. அவர்போல் வீழ்ந்தெழுந்தவர் அளித்தது நம்பிக்கை.

"குடியை விட்டு இருபதாண்டு கழிந்தவரும் அங்கு வருதல் என்னை? நோய் தீர்ந்தபின்னும் மருந்தோ?" எனின், சிவஞானபோதத்துப் பன்னிரண்டாம் நூற்பாவை நினைவு கூர்க. மலங் கழுவப்பெற்ற ஞானியர்க்கே ஆசிரியர் மெய்கண்டார் அன்பரொடு கூடுதலை விதித்தருளினார். மலவாசனை மீள வந்து தாக்குதல் கூடும் என்பதே அதற்குக் காரணம். சீவன்முத்தர்க்கே இணக்கம் வேண்டுமெனின், நேற்றுக் குடியை விட்டவர்க்கு அது வேண்டா என்று யான் கூறியது எத்துணைப் பேதைமை! குடியொழிதல் வீடுபேறன்று; ஆயினும் வாசனை தாக்கும் முறை ஒன்றே, அதற்குக் காப்பும் ஒன்றே.

வேற்றுச் சமயத்தார் இடம் என்று யான் தடுத்ததும் பொருந்தாது. அவர்தம் படிகள் கடவுளைத் தத்தமக்கு விளங்கியவாறே கொள்ளவிடுகின்றன. எவர் எத்தெய்வத்தை வழிபடினும் அவ்வடிவில் நின்று அருள்பவன் சிவபெருமானே எனச் சித்தியார் உணர்த்துவதைக் கற்ற நாம் ஓர் அறையின் சுவரை அஞ்சுதல் தகுமோ?

அக்கூட்டம் எல்லார்க்கும் ஒருங்கே பயன்படுமென யாம் கூறேம். எனினும், 2020-இல் வெளிவந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, 27 ஆய்வுகளில் 10,000-க்கு மேற்பட்டோரைப் பற்றிய செய்திகளை நோக்கி, இக்கூட்டங்களில் ஈடுபடுத்தும் முறைப்பட்ட மருத்துவம் தொடர்ந்து குடியாதிருத்தற்குப் பிற சில மருத்துவமுறைகளினும் மிக்க பயன் தருகின்றதெனக் கண்டது. நெடுநாள் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தின் வலிப்பும் சித்தப்பிரமையும் உண்டாய் உயிர்க்கு இடராதலும் கூடும். ஆதலின் முதற்கண் மருத்துவரை அடைதல் இன்றியமையாதது. குடும்பத்தார்க்கென 1951-இல் தோன்றிய 'அல்-அனான்' என்னும் கூட்டுறவும் உண்டு.

பின்னர் யான் அம்மாணவர் இல்லஞ் சென்று பிழைபொறுக்க வேண்டினேன். அவர், "ஐயா, இன்று குடிக்கவில்லை. நாளையைப் பற்றி நாளைக் கூட்டத்திற் பேசுவோம்" என்று கூறி நகைத்தார். எனக்கு விடையிறுக்க நாவெழவில்லை.

அன்பர்காள்! அத்தகையார் ஒருவர் உங்கள் திண்ணைக்கு வரின், மனவுறுதியைப் பற்றிச் சொற்பொழிவாற்றாதீர்கள். கூட்டம் எங்குளதென வினவியறிந்து, அதன் வாயில்காறும் அவருடன் நடந்து செல்லுங்கள். நல்லிணக்கத்திற்கு ஓருயிரை ஆற்றுப்படுத்தலும் சிவத்தொண்டே யாம்.

திருச்சிற்றம்பலம்.