எச்சமும் மெருகும்

காகம் ஒன்று மோட்டார் வண்டியின் மேல் எச்சமிட்டுவிட்டுப் பறந்து போகிறது. இதிலே ஓர் அறப் பிரச்சினை அடங்கியிருக்கிறது என்று சொன்னால் நண்பர்கள் நகைக்கக்கூடும். நாமும் முதலில் நகைத்தவர்களே. ஆனால் மன்னார் நகரில் ஒரு வேம்பின் நிழலில், வாடகை வண்டிச் சாரதி ஒருவர் முற்பகல் முழுவதும் குனிந்து நின்று அந்தக் கறையோடு மல்லாடியதைக் கண்ட பின்னர் நமது நகைப்பு அடங்கிவிட்டது. வண்டி அவருடையதன்று. பளபளப்புக் குறைந்தால் முதலாளி கூலியிலே பிடித்துக்கொள்வார். எச்சமிட்டது காகம்; உடைமை முதலாளியுடையது; தண்டம் சாரதிக்கு. இந்தக் கணக்கு எங்கே பிழைத்தது?

முதலில் பறவையின் பக்கத்தைக் கேட்போம். நம்முடைய உடல் யூரியாவாக நீரிற் கரைத்து வெளியேற்றும் கழிவை, பறவை யூரிக் அமிலமாக்கி வெண்களியாக வெளியேற்றுகிறது. எளிதிற் கரையாத பொருள் அது. ஓட்டுக்குள் அடைபட்டிருக்கும் குஞ்சு தன் கழிவால் நஞ்சூட்டப்படாமல் வளர்வதும், வளர்ந்த பறவை நீரைச் சிக்கனமாகச் செலவிடுவதும் இந்த ஏற்பாட்டினாலேயே. உயிர் வாழ்வதற்காகச் செய்வதைக் குற்றமென்று யார் சொல்வது?

மன்னாரிலோ பறவைக்குப் பஞ்சமில்லை. ஐப்பசி பிறந்ததும் வடபுலத்திலிருந்து வரும் நீர்ப்பறவைகள், தாம்போதியை ஒட்டிய ஆழமற்ற நீரிலும் வங்காலைக் கரையிலும் வந்து நிறைகின்றன. வங்காலை 2008இல் சரணாலயமாக்கப்பட்டது; 2010இல் ராம்சார் ஈரநிலமாக ஏற்கப்பட்டது. பூநாரைகளைப் பார்ப்பதற்காகவே கொழும்பிலிருந்து வண்டி பிடித்து வருகிறவர்கள், அந்த வண்டியின் மேல் ஒரு துளி விழுந்ததும் முகஞ் சுளிப்பதைக் காண்கிறோம். பறவைக்குச் சிறகு இருக்கலாம், வயிறு இருக்கக்கூடாது போலும்!

சாரதியின் கைவேலைக்கு வருவோம். எச்சத்தின் புளிப்பே பூச்சை அரிக்கிறது என்பது பொது நம்பிக்கை. அது முழு உண்மையாகாது. வெயிலிலே வண்டியின் மேற்பூச்சு சூடேறி, விரிந்து, இளகுகிறது. எச்சம் அதன்மேல் காய்ந்து இறுகிக் கிடக்கிறது. பொழுது சாய்ந்து பூச்சுக் குளிர்ந்து சுருங்கும்போது, அந்த எச்சத்தின் மேடுபள்ளங்களையே தன் உருவமாக வாங்கிக்கொள்கிறது. பிறகு கழுவினாலும் ஒளி அவ்விடத்தில் சிதறுவதால் மங்கல் போவதில்லை. உடனே ஒரு செம்பு நீர் ஊற்றியிருந்தால் தீர்ந்திருக்கும் காரியம். ஆனால் இரண்டு நாள் ஓய்வின்றி ஓடச் சொல்லியிருந்தார் முதலாளி. நீர் ஊற்ற நேரம் ஏது?

அவர் ஈரத்துணியைக் கறையின் மேலிட்டு ஊறவிட்டார். காய்ந்ததைச் சுரண்டினால் அதிலுள்ள மணலும் விதையும் பூச்சைக் கீறிவிடும். ஊறியதை அழுத்தாமல் ஒற்றி எடுத்தார். வெந்நீரில் நனைத்த துணியை வைத்துப் பார்த்தார். சூட்டால் வந்த கோணல் சூட்டாலேயே சற்றுத் தளர்வதுண்டு. அப்படியும் எஞ்சிய வடுவுக்குத்தான் ‘கொம்பவுண்ட்’ என்று தொழிலாளர் வழங்கும் மெருகுப் பசை. மெல்லிய துணியிலே தொட்டு, உள்ளங்கையளவு இடத்தைத் தேய்க்கத் தொடங்கினார். வடு இன்னும் ஆழமென்றால் 2000 இலக்க உப்புத்தாளை நீரில் நனைத்துத் தேய்ப்பார்கள், அதன்மேல் பசை, கடைசியில் மெழுகு.

நம்மைச் சிந்திக்க வைத்தது இதுதான்: இந்த வேலையில் பள்ளம் நிரப்பப்படுவதில்லை. சுற்றியுள்ள நல்ல பூச்சைத் தேய்த்துத் தேய்த்துப் பள்ளத்தின் மட்டத்துக்கு இறக்குகிறார்கள். நிறத்தின் மேலுள்ள தெளிந்த பூச்சின் தடிப்போ ஒரு மில்லிமீற்றரில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கு. ஒவ்வொரு செப்பனிடலும் அதிலிருந்து கொஞ்சம் தின்றுவிடுகிறது. “முழுக்க எடுக்க ஏலாது ஐயா, எடுத்தா அடி நிறம் வந்திடும்” என்றார் சாரதி. எங்கே நிறுத்துவது என்பதை அவருடைய விரல்கள் அறிந்திருந்தன. முதலாளிக்கு வேண்டியதோ வாங்கிய அன்றைய மினுக்கம். வடு மறைந்ததா என்று கேட்கிறவர், அதை மறைக்க எது செலவாயிற்று என்று கேட்பதில்லை. யுத்தத்துக்குப் பின் வீதிகளும் கட்டடங்களும் மினுக்கப்பட்ட இக்கரையில் வாழ்வோருக்கு இதை நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை.

சேதம் என்கிறோமே, அந்தச் சொல்லும் ஆராயத்தக்கது. தமிழ்நாட்டின் வேடந்தாங்கலில் உழவர்கள் தலைமுறை தலைமுறையாக நீர்ப்பறவைகளைக் காத்துவந்தனர். எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரம் என்பதை அவர்கள் அறிவார்கள். 1798இல் ஆங்கிலேய ஆட்சியரிடமிருந்து பறவைகளைக் காக்கும் உரிமையை எழுத்திலேயே பெற்றார்கள். பெருநாட்டின் சிஞ்சாத் தீவுகளில் மலையாய்க் குவிந்திருந்த எச்சம், 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய வயல்களுக்குக் கப்பலேறி வணிகரைக் கொழுக்க வைத்தது. அதை வெட்டச் சீனத்திலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள் அந்தப் புழுதியிலேயே மடிந்தார்கள். எச்சம் பொன்னாக இருந்த இடத்திலும் குனிந்தவன் கூலியாள். கறையாக இருக்கும் இடத்திலும் அவனே.

எச்சம் என்றால் கழிவு மட்டுமா? பின்னே விட்டுச்செல்வதையும் தமிழ் எச்சம் என்றே வழங்குகிறது. பறவையின் வழியில் நாம் விட்டுச்செல்வது என்ன? தீவின் தென்கரையில் 2020 டிசம்பரில் திறக்கப்பட்ட தம்பபவனி காற்றாலைத் தொகுதியில் 30 கோபுரங்கள் நிற்கின்றன. காற்றிலிருந்து மின்சாரம் எடுப்பதை நாம் பழிக்கவில்லை. நிலக்கரிப் புகையைவிட அது மேலானதே. ஆனால் மேலும் கோபுரங்கள் நாட்டும் முயற்சிக்கு எதிராக 2025இல் தீவு மக்கள் வீதிக்கு வந்தார்கள். வெள்ளநீர் வடிய வழியில்லாமற் போவதும் பறவைகளின் வான்வழியும் அப்போது பேசப்பட்டன. பொனற்றின் மேல் விழுந்த துளிக்கு அன்றைக்கே கணக்குப் பார்க்கிற சமுதாயம், இந்தக் கணக்கை எழுத மட்டும் ஏன் இவ்வளவு தயங்குகிறது?

அப்படியானால் சாரதி துடைக்க வேண்டாமா? துடைக்கத்தான் வேண்டும், அவர் கையில் ஒரு தொழில் இருக்கிறது, அதை அவர் நன்றாகவே செய்கிறார். நாம் மறுப்பது கூலியில் பிடிப்பதை. வண்டியின் ஆதாயத்தை எடுத்துக்கொள்கிறவரே வெயிலையும் காகத்தையும் தேய்மானத்தையும் ஏற்கவேண்டும். மரத்தை வெட்டிவிட்டால் தொல்லை ஒழியும் என்று அங்கே ஒருவர் யோசனை சொன்னார். மன்னாரின் நடுப்பகலில் நிழலின்றி நின்றறியாதவர் போலும். சாரதி அதற்கு ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் அவ்வழியே போனபோது பார்த்தோம். வண்டி அதே வேம்பின் கீழேதான் நின்றது. பொனற்றின் மேல் தம்முடைய பழைய சாரம் ஒன்றை விரித்து வைத்திருந்தார்.