அவயவமும் அவயவியும்

ஒரு பொருள் தன் உறுப்புகளின் கூட்டத்துக்கு மேற்பட்டு உண்மையில் உள்ளதா, அன்றி அக்கூட்டத்துக்கு நாம் வழங்கிக்கொண்ட வெறும் நாமந்தானா என்னும் விவாதம் பாரத தேசத்துத் தத்துவ சபைகளில் ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக ஓயாமல் நடந்தது. கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் வடமேற்கு இந்தியாவை ஆண்ட கிரேக்க மன்னன் மெனாண்டர், பாலி நூலாகிய மிலிந்த பன்ஹாவில் மிலிந்தன் என்னும் பெயருடன் நாகசேனர் என்ற பௌத்த பிக்ஷுவை நாடி வரும்போது, அவன் ஏறி வந்த தேரையே பிக்ஷு எடுத்துக்கொண்டு, அச்சு தேரா, சக்கரம் தேரா, நுகம் தேரா என்று அங்கம் அங்கமாக வினவி, இவற்றுள் எதுவும் தேர் அன்று என்பதை மன்னன் வாயாலேயே சொல்ல வைக்கிறார். தேர் என்பது வெறும் நாமமே என்னும் இம்முடிவுக்கு, நியாய தரிசனத்தாராகிய நையாயிகர் உடன்படவில்லை. உறுப்புகளாகிய அவயவங்களில் பிரியாது நிலைபெற்றும் அவற்றினின்று வேறாயும் உள்ள முழுப்பொருளாகிய அவயவி என்று ஒன்று உண்டு. இல்லையேல் ஒரு பொருளின் ஒரு பக்கத்தைப் பற்றி இழுத்தால் முழுதும் உடன் வருவது எங்ஙனம் என்று அவர்கள் கேட்டார்கள்.

இந்தப் பழைய வழக்கை மறுபடியும் விசாரணைக்கு எடுத்துக்கொள்வதற்கு, திறன்பேசிச் செயலி ஒன்றைச் செய்யக் கற்கத் தொடங்கும் மாணவன் முதல் நாளில் தன் கணினியில் திறக்கும் புராஜெக்டைக் காட்டிலும் வசதியான இடம் எனக்குத் தென்படவில்லை. தேரைச் செய்த தச்சன் அதன் உறுப்புகளைப் பூட்டினானே ஒழிய, அவை ஒரே தேர் என்பதை எங்கும் எழுதி வைக்கவில்லை. செயலி செய்பவனோ அதையும் எழுதித்தான் ஆகவேண்டும்.

ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவில் வெற்றுத் திரை ஒன்றுடைய மாதிரியைத் தேர்ந்து, ஒரு பெயரையும் கொடுத்துவிட்டால், இடப்பக்கத்தில் ஒரு சிறு கோப்புக் குடும்பம் விரிகிறது. கோட்லினிலோ ஜாவாவிலோ எழுதப்படும் நிரல் ஓரிடம். திரையின் அமைப்பைச் சொல்லும் லேஅவுட், படங்கள், திரையில் தோன்றும் சொற்கள் ஆகியவை அடங்கிய ரெஸ் என்னும் கோப்புறை ஓரிடம். செயலியின் ஜாதகம் போன்ற மேனிஃபெஸ்ட் ஓரிடம். இவையனைத்தையும் சேர்த்து ஒன்றாக்கும் வேலையைச் செய்யும் கிரேடிலின் கோப்புகள் ஓரிடம். நிரலால் ஆகும் பெரிய அங்கங்களும் நான்கே: திரையில் தோன்றிப் பயனருடன் பேசுவது ஆக்டிவிட்டி, திரைக்குப் பின்னே உழைப்பது சர்வீஸ், மின்கலம் தாழ்ந்தது முதலான அறிவிப்புகளைக் கேட்டு விழித்தெழுவது பிராட்காஸ்ட் ரிசீவர், தன்னிடமுள்ள தரவைப் பிற செயலிகளுக்கு வழங்குவது கன்டென்ட் புரொவைடர்.

இவற்றுள் செயலி எது? நாகசேனரின் கேள்வி அப்படியே வந்து நிற்கிறது. கிரேடில் தன் வேலையை முடித்தபின் கிடைக்கும் ஏபிகே கோப்பு ஒன்றுதானே, அதுவே செயலி என்று சொல்லிவிடலாமென்று தோன்றும். ஆனால் அது ஒரு ஜிப் பொட்டலமேயன்றி வேறில்லை என்பதும், பிரித்தால் உள்ளே மறுபடியும் பல கோப்புகளே கிடக்கும் என்பதும் பிரித்துப் பார்த்த எவருக்கும் தெரியும். இதுவரையில் வெற்றி பௌத்தர் பக்கமே.

ஆயினும் வழக்கு இவ்வளவு எளிதாக முடிந்துவிடுவதில்லை. மாணவன் இரண்டாவது திரைக்காகப் புதிய ஆக்டிவிட்டி ஒன்றைத் தானே எழுதுகிறான், லேஅவுட்டும் செய்கிறான், நிரலில் பிழை ஏதுமில்லை, கிரேடிலும் குறை சொல்லவில்லை. முதல் திரையிலுள்ள பொத்தானைத் தொட்டதும் செயலி சட்டென்று நின்றுபோகிறது. அத்தகைய ஆக்டிவிட்டி காணப்படவில்லை, அதை மேனிஃபெஸ்டில் அறிவித்தீர்களா என்று பிழைச் செய்தி வினவுகிறது. உறுப்பு உள்ளது, பழுதின்றியும் உள்ளது. ஆனால் அறிவிக்கப்படாத காரணத்தால், அதை எழுப்ப வேண்டிய ஆண்ட்ராய்டின் கணக்கில் அது இல்லை. சி மொழியைப் பயின்றுவிட்டு இங்கே வருபவர்கள், நிரல் தொடங்கும் மெயின் எங்கே என்று தேடி ஏமாறுவதும் இதன் தொடர்ச்சியே. செயலி தானாகத் தொடங்குவதில்லை. பயனர் சின்னத்தைத் தொட்டவுடன் ஆண்ட்ராய்டு மேனிஃபெஸ்டைப் பார்த்து, ஸைகோட் என்னும் மூலப் பிராசஸிலிருந்து ஒரு கிளையைப் பிரித்து, உரிய ஆக்டிவிட்டியைச் சிருஷ்டித்து, அதன் ஆன்கிரியேட் என்னும் பகுதியை அழைக்கிறது. நம் நிரல் அழைக்கப்படுவதேயன்றி, தானே முந்திக்கொண்டு அழைப்பதன்று.

சிருஷ்டி என்று சொல்லிவிட்டபின் சம்ஹாரத்தையும் சொல்லவேண்டும். பொத்தானைத் தொடுந்தோறும் ஓர் எண் கூடுவதாகவும், அதன் கீழே பெயர் எழுத ஒரு பெட்டி இருப்பதாகவும் மாணவன் ஒரு திரையைச் செய்து, எண்ணை ஏழு வரைக்கும் ஏற்றி, பெட்டியில் தன் பெயரையும் எழுதிவிட்டு, போனைப் பக்கவாட்டில் திருப்புகிறான் என்று வைத்துக்கொள்வோம். திரை படுத்துக்கொள்கிறது, பெயர் அப்படியே இருக்கிறது, எண்ணோ பூஜ்யமாகிவிட்டது. கற்பவர் எல்லாரும் எப்பொழுதேனும் கண்டு திகைக்கும் காட்சி இது. நடந்தது என்னவென்றால், போன் திரும்பிய கணத்தில் பழைய ஆக்டிவிட்டி ஆன்பாஸ், ஆன்ஸ்டாப், ஆன்டெஸ்ட்ராய் என்னும் படிகளில் இறங்கி அழிந்து, அதே நிரலிலிருந்து புதியதோர் ஆக்டிவிட்டி பிறந்தது. பயனர் கண்ணுக்கு ஒன்றே திரும்பியதாகத் தோன்றுவது உண்மையில் ஒரு மரணமும் ஒரு ஜனனமும் ஆகும்.

அங்ஙனமாயின் பெயர் பிழைத்தது எவ்வாறு? அழியப்போகும் ஆக்டிவிட்டிக்கு, பண்டில் என்னும் சிறு மூட்டையில் சிலவற்றைக் கட்டி வைக்க அனுமதி உண்டு; பிறக்கும் ஆக்டிவிட்டியின் கையில் ஆண்ட்ராய்டு அம்மூட்டையைக் கொடுக்கிறது. எழுதும் பெட்டி தன்னுள் உள்ள எழுத்துகளைத் தானே அதில் போட்டுக்கொள்ளும், ஆனால் லேஅவுட்டில் அதற்கு ஓர் ஐடி கொடுக்கப்பட்டிருந்தால் மட்டுமே. ஐடி அற்ற பெட்டியின் எழுத்தும் எண்ணைப் போலவே மறைந்துபோகும். எண்ணை நாமே எடுத்து மூட்டையில் வைத்திருக்க வேண்டும், வைக்கவில்லை. ஜன்மாந்தரத்தில் கடந்து செல்லும் நித்திய வஸ்து ஏதுமில்லை, தொடர்ச்சி மாத்திரமே உண்டு, மறுபடி பிறப்பவன் அவனே அல்லன், வேறொருவனும் அல்லன் என்று நாகசேனர் மிலிந்தனுக்குச் சொன்னதை இத்தனை துலக்கமாகக் காட்டும் சாதனம் அவர் காலத்தில் இல்லை. 2017இல் கூகுள் அளித்த வியூமாடல் என்னும் உறுப்பு, போனைத் திருப்பும்போது அழியாமல் நின்று, புதிதாய்ப் பிறந்த ஆக்டிவிட்டியுடன் சேர்ந்துகொள்கிறது. இதோ அகப்பட்டது அழியாத ஆத்மா என்று நையாயிகர் அவசரப்படலாம். ஆனால் நினைவகம் போதாமல் ஆண்ட்ராய்டு அந்தப் பிராசஸையே அழித்துவிடும்போது வியூமாடலும் உடன் அழிகிறது. அப்போதும் பிழைப்பது அந்தச் சிறு மூட்டைதான். அதையும் வைத்திருப்பது செயலியன்று, ஆண்ட்ராய்டு.

இனி, செயலியின் ஒருமை எதனால் நிலைபெறுகிறது என்னும் பிரதான கேள்விக்கு வருவோம். ஒவ்வொரு செயலிக்கும் தலைகீழாக எழுதிய இணைய முகவரி போன்ற ஓர் அப்ளிகேஷன் ஐடி உண்டு. வெளியிடுபவர் தம் அந்தரங்கச் சாவியால் இடும் ஒப்பமும் உண்டு. ஜாவாவில் எழுதியதை முற்றிலும் கோட்லினில் மாற்றி, படங்கள், சொற்கள், வர்ணங்கள், திரைகள் யாவற்றையும் களைந்து வேறு வைத்தாலும், இவ்விரண்டும் மாறாதிருந்தால் போனுக்கு அது பழைய செயலியே. புதிய பதிப்பு என்று ஏற்றுக்கொண்டு, பழைய தரவையும் அதன் கையிலேயே ஒப்படைக்கும். மாறாக, ஓர் எழுத்துக்கூட மாற்றாமல் அதே புராஜெக்டை அதே ஐடியுடன் வேறொரு சாவியால் ஒப்பமிட்டுப் புதிய பதிப்பாகக் கொண்டுவந்தால், போன் அதை நிறுவ மறுத்துவிடுகிறது. முன்னதை நீக்கி, அதன் தரவையும் இழந்துவிட்டு, அந்நியனாக வந்தால்தான் இடம். உறுப்புகள் யாவும் மாறியும் அதுவே. உறுப்புகள் யாவும் மாறாதும் வேறு.

அவயவியை அவயவங்களினுள்ளே தேடிய நையாயிகரும், அங்கே காணாமையால் அது வெறும் நாமம் என்று முடித்துவிட்ட பௌத்தரும் இங்கே ஒருங்கே தடுமாறுவார்கள் என்பது என் கட்சி. செயலியின் ஒருமை உள்ளேயும் இல்லை, வெறும் பெயரிலும் இல்லை; அதை ஏற்று நடத்தும் மற்றொன்று அதை இன்னதென்று அடையாளம் கண்டு கொள்வதில் இருக்கிறது. 2018இல் வந்த ஆண்ட்ராய்டு 9 முதற்கொண்டு, சாவியை மாற்ற விரும்புவோர் பழைய சாவியைக்கொண்டே புதிய சாவிக்குச் சாட்சி சொல்ல வைக்கலாம் என்று வழி செய்திருக்கிறார்கள். மடாதிபதிகள் தம் காலத்திலேயே இளவரசுப் பட்டம் கட்டி வைக்கும் சம்பிரதாயம் இதற்கு வெகுதூரமில்லை.

ஆனால் அடையாளம் காணும் அந்த ஆண்ட்ராய்டை அடையாளம் காண்பவர் யார்? போன் எழும்பொழுது பூட்லோடர் என்னும் சிறு நிரல், ஆண்ட்ராய்டின் ஒப்பத்தைத் தன்னிடமுள்ள சாவியால் சரிபார்க்கிறது. பூட்லோடரை அதற்கு முந்திய நிரல் சரிபார்க்கிறது. முடிவில் உற்பத்தியின்போதே சில்லினுள் பதித்துவிட்ட ஒரு சாவியில் சென்று இச்சங்கிலி நிற்கிறது, அந்தச் சாவியைச் சரிபார்க்க எவருமில்லை. தர்க்க நூலார் அனவஸ்தா தோஷம் என்று அஞ்சிய முடிவில்லாப் பின்னோட்டத்தைப் பொறியாளர்கள் வாதத்தால் நீக்கவில்லை. ஓரிடத்தில் நிறுத்திக்கொண்டார்கள், அவ்வளவே.

ஆத்மா உண்டு என்பதற்கு நையாயிகர் சொல்லும் இன்னொரு வாதம், முன்னதைவிட வலியது, எனக்கு இங்கேதான் நினைவுக்கு வருகிறது. கண்ணால் கண்டதையே இப்போது கையால் தொடுகிறேன் என்று உணர்பவன் ஒருவன் இருக்கவேண்டும். கண் தொட்டதில்லை, கை கண்டதில்லை. சில்லில் சாவி பதிக்கச் சொன்ன மனிதன், நேற்றுச் சொன்னது தானே என்று இன்று அறிவதற்கு எந்த மேனிஃபெஸ்டையும் புரட்டுவதில்லை, எந்த ஒப்பத்தையும் சரிபார்ப்பதில்லை. பௌத்தர் இதற்கும் விடை வைத்திருக்கிறார்: இன்று அறிபவன் நேற்றையவனின் தொடர்ச்சி, தானே அவன் என்னும் எண்ணமும் மூட்டையில் கட்டி வந்த, வாசனை என்னும் ஒரு பதிவே என்பார். அந்த விடை சரியா என்று சோதிக்க மாணவனின் புராஜெக்ட் நமக்கு உதவாது. அதிலுள்ள எந்தக் கோப்பும், போனைத் திருப்பியபின் பிறந்த எந்த ஆக்டிவிட்டியும், முன்பு இருந்தது நானே என்று சொல்லிக்கொள்வதில்லை. பூஜ்யத்தைக் கண்டு திகைப்பது போனைக் கையில் வைத்திருப்பவன்தான்.