காக்காக்கடி

மூன்று மணி நேரம் வெயிலில் டென்னிஸ் பந்து கிரிக்கெட் ஆடிவிட்டு, பெட்டிக்கடையில் வாங்கித் தின்னும் கடலை மிட்டாய்க்குத் தனி ருசி. அதையே டி.வி. முன்னால் உட்கார்ந்து தின்று பாருங்கள். வெறும் வெல்லமும் கடலையும்தான். அப்படியானால் ருசி எங்கே இருந்தது?

'பசியில்தான் சார்' என்பீர்கள். வாஸ்தவம். ஆனால், இதைச் சொல்ல எல்லோருக்கும் முடியுமா? பகலெல்லாம் செங்கல் சுமந்துவிட்டு, ராத்திரி உலை வைக்க அரிசியில்லாத சித்தாளிடம் போய், 'பசிதான் ருசி' என்று சொல்லிப் பாருங்கள். அடிக்க வருவார். நியாயம்தானே? வீட்டில் சோறு நிச்சயம் என்றால்தான் பசி விளையாட்டு. இல்லையென்றால் அது வெறும் பசி.

அதற்காக விளையாட்டுப் பசியை ரசிப்பது பாவமா? இல்லை. தனியாக ரசிப்பதுதான் இடிக்கிறது.

1953 மே 29. எவரெஸ்ட் உச்சியில் டென்சிங் பனியைத் தோண்டி ஒரு சாக்லேட், ஒரு பாக்கெட் பிஸ்கட், கொஞ்சம் மிட்டாய் வைத்தார். தெய்வங்களுக்கு! உயிரைக் கொடுத்துச் சுமந்துபோன தீனி அது.

நம் பசங்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. இருப்பது ஒரே மிட்டாய் என்றால், சட்டைத் துணியில் சுற்றிக் காக்காக்கடி கடித்து ஆளுக்கொரு துண்டு கொடுத்தவர்கள்தான்.

கோச்சிங் போகும் பிள்ளையின் டிபன் பாக்ஸில் நாளைக்கு இரண்டு மிட்டாய் கூடுதலாக வையுங்கள். மைதானத்தில் ரோலர் இழுப்பவரும் அதே வெயிலில்தான் நிற்கிறார்.