கதவிடுக்கில் வந்த கணக்கு

பல்லடம் – தாராபுரம் சாலையில் இருக்கும் குண்டடத்துக்குக் கடல் எந்தத் திசையிலும் பக்கமில்லை. உப்பாறு அணைக்குத் தண்ணீர் விடச் சொல்லி மனுக் கொடுப்பதும் மறியல் செய்வதும்தான் இந்த வட்டாரம் தண்ணீரோடு வைத்திருக்கும் முக்கியமான உறவு. மானாவாரிச் சோளம், முருங்கை, சனிக்கிழமை ஆட்டுச் சந்தை, விடியும் முன்னே ஆள் ஏற்ற வந்து நிற்கும் பனியன் கம்பெனி வேன் என்று இருக்கும் ஊரில், கப்பலில் எந்த கேபின் நல்லது என்று எழுதுவது வேலையற்ற வேலையாகப் படலாம். ஆனால் இங்கேயும் அந்தக் கேள்வி வந்துவிட்டது. இலக்கை எட்டிய டீலர்களுக்கு ஒரு காலத்தில் வெள்ளிக் காசும் சுவர்க் கடிகாரமும் தந்த கம்பெனிகள், பிறகு பாங்காக் கூட்டிப்போயின. இப்போது கப்பல். உரக்கடை, சிமெண்ட் கடை, பெயிண்ட் கடை வைத்திருப்பவர்கள் மனைவியோடு போய் வருகிறார்கள். அழைப்பிதழில் 'அனைத்தும் இலவசம்' என்று இருக்கும். கடைசி இரவில் கதவிடுக்கு வழியாக ஒரு தாள் உள்ளே வரும். அனைத்தில் எதெல்லாம் சேரவில்லை என்ற பட்டியல் அது.

தமிழ்நாட்டிலும் இந்தக் கப்பல் வியாபாரம் உண்டு. 2022 ஜூன் 4-இல் கோர்டிலியா நிறுவனத்தின் 'எம்ப்ரஸ்' கப்பலைச் சென்னைத் துறைமுகத்தில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் கொடியசைத்து அனுப்பினார். 1990-இல் பிரான்சில் கட்டப்பட்டு, அமெரிக்கக் கடல்களில் வேறு பெயரில் ஓடிக் களைத்து, பிறகு நம்மிடம் வந்த கப்பல். விசாகப்பட்டினம் போய்ப் புதுச்சேரிக்கு வந்தபோது அங்கே கரையேற அனுமதி கிடைக்கவில்லை. சூதாட்ட விடுதி உள்ள கப்பல் எங்கள் ஊருக்கு வேண்டாம் என்று எதிர்ப்பு எழுந்தது. மதுக்கடைகளுக்குப் பேர்போன ஊர் ஒழுக்கத்தின் பேரால் ஒரு கப்பலைத் திருப்பி அனுப்பியதை அப்போது யாரும் பெரிதாகச் சிரித்துக்கொண்டதாகத் தெரியவில்லை. கரையிலிருந்து 12 கடல் மைல் தாண்டினால் நாட்டின் ஆட்சிக்கடல் முடிகிறது, அதற்கப்பால் சீட்டு மேசை திறக்கும் என்பதுதான் இந்த வியாபாரத்தின் முதல் பாடம். கரையில் செல்லாத கணக்கு கடலில் செல்லும்.

கேபினுக்கு வருவோம். ஜன்னல் இல்லாத உள் கேபின், திறக்க முடியாத கண்ணாடி ஜன்னல் வைத்தது, பால்கனி வைத்தது, பெரிய சூட் என்று நான்கு தரம். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருக்கும் தொகை உள் கேபினுக்கானது. அதுவும் ஒரு ஆளுக்கு, ஒரு கேபினில் இருவர் தங்கினால். தனியாகப் போகிறவர் வராத ஆளுக்கும் சேர்த்து ஏறத்தாழ இரட்டிப்பாகக் கட்ட நேரும். கேபின் எண்ணைக் கப்பல்காரரே முடிவு செய்வார் என்ற மலிவுச் சீட்டு ஒன்று உண்டு. அதில் போனால் மேலே நடன அரங்கு, கீழே சமையல்கட்டு என்று நடுவில் மாட்டலாம். கப்பல் ஆடுவது மூக்கிலும் வாலிலும் உச்சியிலும் அதிகம். நடுப்பகுதியில் கீழ்த்தட்டில் குறைவு. வாந்திக்குப் பயப்படுகிறவர் அதிகப் பணம் கொடுத்து உச்சிப் பால்கனி வாங்கினால், பணம் கொடுத்துத் தலைசுற்றல் வாங்கியதாகத்தான் ஆகும். ஜன்னல் என்று வாங்கினால் அதற்கு நேரே உயிர்காப்புப் படகு தொங்குகிறதா என்று வரைபடத்தில் பார்த்துவிட வேண்டும். தொங்கினால் மூன்று நாளும் ஆரஞ்சு நிறத் தகரம்தான் கடல்.

உள் கேபினில் இருப்பவருக்கு விடிந்தது தெரியாது. விளக்கை அணைத்தால் நடுப்பகலிலும் நள்ளிரவு. எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு இது புதிய அனுபவமாக இராது. மில் ஹாஸ்டலில் கம்பி போட்ட அறையில் மூன்று வருஷம் இருந்து, கல்யாணத்துக்கு ஆகும் என்று கடைசியில் மொத்தமாகத் தரப்படும் தொகைக்காகக் காத்திருந்தவர்கள் இந்த மண்டலத்தில் ஏராளம். சுமங்கலித் திட்டம் என்று அதற்கு மங்கலமாகப் பெயரும் வைத்தார்கள். ஒரே மாதிரி அறைக்கு ஒருத்தி கூலியைப் பிடித்துவைக்கக் கொடுத்தாள், இன்னொருத்தி வாடகை கொடுக்கிறாள். நாடு முன்னேறியிருக்கிறது என்று சொல்ல இது போதும்.

சாப்பாட்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பெரிய உணவுக்கூடமும், தானே எடுத்துச் சாப்பிடும் கூடமும் கட்டணத்தில் சேர்த்தி. தனிப் பெயர் வைத்த சிறு உணவகங்களுக்குத் தனிக் காசு. இந்தியப் பயணிகளை நம்பி ஓடும் கப்பல்களில் சைவமும் ஜைன உணவும் தாராளமாகக் கிடைக்கும். வெளிநாட்டுக் கப்பல் என்றால் முதல் நாளே உணவுக்கூட மேலாளரிடம் சொல்லிவைத்தால் மறுநாளிலிருந்து ஏதாவது செய்து தருவார். பாட்டில் தண்ணீர், குளிர்பானம், மது எல்லாம் பெரும்பாலும் கணக்கில் ஏறும். குழாய்த் தண்ணீர் குடிக்கத் தக்கதுதான் என்பதை நம்மவர்கள் நம்புவதில்லை. கொண்டுபோன பருப்புப்பொடியும் முறுக்கும் கூடவே வரட்டும், சமைத்த உணவை வாசலிலேயே வாங்கிவைத்துக்கொள்வார்கள்.

காசு புழங்காத இடம் என்பதுதான் கப்பலின் பெரிய தந்திரம். ஏறியவுடன் ஒரு அட்டை தருவார்கள். கேபின் சாவியும் அதுதான், பணப்பையும் அதுதான். அதன் பின்னால் நம் வங்கி அட்டையை இணைத்து ஒரு தொகையை முன்கூட்டியே முடக்கி வைப்பார்கள். டெபிட் அட்டை கொடுத்தால் அந்த முடக்கம் நீங்கச் சில நாள் பிடிக்கும், ஊர் திரும்பி நகைக் கடனுக்கு வட்டி கட்டப் போனால் கையில் இருப்பு இருக்காது. ஆகவே கடன் அட்டை அல்லது ரொக்க முன்பணம் மேல். கைபேசியை ஏறும்போதே விமான நிலையில் போட்டுவிட வேண்டும். கரை மறைந்ததும் அது கப்பலின் சொந்த அலைவரிசையைப் பிடித்துக்கொள்ளும், நாம் வாங்கிய சாதாரண வெளிநாட்டுத் திட்டம் பெரும்பாலும் அதற்குப் பொருந்தாது. படம் எடுத்துச் சட்டம் போட்டு மாட்டியிருப்பார்கள், பார்க்கக் காசில்லை, வாங்கினால் உண்டு. துறைமுகத்தில் இறங்கி நாமே ஆட்டோ பிடித்துச் சுற்றினால் செலவு குறையும். நேரம் தவறினால் கப்பல் காத்திருக்காது. கப்பல்காரர் ஏற்பாடு செய்த சுற்றுலா தாமதமானால் காத்திருக்கும். இந்த உத்தரவாதத்துக்குத்தான் அந்த விலை.

இவையெல்லாம் வியாபாரம், கோபப்பட ஒன்றுமில்லை. கோபமோ வெட்கமோ வர வேண்டிய வரி ஒன்று பட்டியலின் அடியில் இருக்கும்: சேவைக்கான அன்பளிப்பு. பெரிய அமெரிக்கக் கப்பல்களில் ஆளுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 16 முதல் 20 டாலர். குழந்தைக்கும் உண்டு. வாங்கும் பானத்துக்கு மேலே தனியாக 18 சதவீதம் அளவில் ஏறும். அன்பளிப்பு என்பதால் பல கப்பல்களில் வரவேற்பு மேசைக்குப் போய் எடுத்துவிடச் சொல்லலாம். அனுபவசாலிகள் புதியவர்களுக்குச் சொல்லித்தரும் முதல் சிக்கனம் இதுதான்.

எனக்குத் தெரிந்த உரக்கடைக்காரர் ஒருவர் சிங்கப்பூரிலிருந்து புறப்பட்ட கப்பலில் அப்படி வரிசையில் நின்றார். மனைவி பக்கத்தில். கல்யாணத்துக்கு முன் பனியன் தைக்கும் பவர்டேபிளில் பேட்லாக் மெஷின் ஓட்டியவர்.

"ஏனுங்க, இது யாருக்குப் போற காசுங்க?"

"ரூம் கூட்டறவனுக்கு, சாப்பாடு வெக்கறவனுக்கு. நாம எதுக்குக் குடுக்கோணும்? கம்பெனி சம்பளம் குடுக்கும்."

"எங்க காண்ட்ராக்டரும் அப்படித்தானுங்க சொல்லுவாரு, மேல கம்பெனி குடுக்கும்னு."

அவர் வரிசையை விட்டு வந்துவிட்டதாகக் கதை முடிந்தால் நன்றாக இருக்கும். வரவில்லை. தொகையைக் கழித்துக்கொண்டுதான் வந்தார். வீட்டில் சொல்லிச் சிரிக்கும்போது மனைவி மட்டும் அடுப்படிக்குப் போய்விடுவார்.

கப்பலில் அறை கூட்டுபவர் பெரும்பாலும் பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, இந்தியாவிலிருந்து வந்தவர். ஆறு முதல் ஒன்பது மாத ஒப்பந்தம். வார விடுமுறை என்று முழு நாள் கிடைப்பது அரிது. இந்தியா 2015-இல் ஏற்றுக்கொண்ட கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை, 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி நேர ஓய்வு வேண்டும் என்கிறது. அதைத் திருப்பிப் படித்தால் 14 மணி நேரம் வேலை வாங்கலாம் என்று வருகிறது. காலை எட்டரைக்கு ஏறி இரவு எட்டரைக்கு இறங்கும் ஒன்றரை ஷிப்டைப் பார்த்துப் பழகிய திருப்பூர்க்காரருக்கு இந்தக் கணக்கு விளங்கச் சிரமம் இருக்காது. கப்பல்கள் பஹாமாஸ், பனாமா போன்ற நாடுகளின் கொடியைப் பறக்கவிடுவதும் காற்றுக்காக அல்ல. வரியும் தொழிலாளர் சட்டமும் இலகுவாக இருக்கும் கொடி அது.

குண்டடம் காலபைரவ வடுகநாதரைப் பற்றி ஊரில் ஒரு கதை சொல்வார்கள். மிளகு மூட்டை கொண்டுபோன வியாபாரி, கேட்ட முதியவரிடம் அது பயறு என்று பொய் சொன்னான். மூட்டையை அவிழ்த்தபோது பயறாகவே இருந்தது. வியாபாரி அழுது தொழுதபின் பைரவர் அதைத் திரும்ப மிளகாக்கித் தந்தார். கூலியை அன்பளிப்பு என்று கணக்கில் எழுதியபோதும் நடந்தது அதுதான். கேட்டு வாங்க வேண்டியது, கொடுத்தால் பெற்றுக்கொள்ள வேண்டியதாக மாறிவிட்டது. திருப்பி மாற்றித்தர அங்கே பைரவர் இல்லை.

நம் முன்னோர் ஏறிய கப்பலில் இவ்வளவு நாசூக்கு இருந்ததில்லை. 1926-இல் கட்டப்பட்ட 'ரஜூலா' ஏறத்தாழ அரை நூற்றாண்டு சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் பினாங்கு, சிங்கப்பூருக்கு ஓடியது. ஒரு காலத்தில் 5,000-க்கும் மேற்பட்ட தளப் பயணிகளை ஏற்ற அதற்கு உரிமம் இருந்தது. அவர்களுக்குக் கேபின் கிடையாது, பாயை விரித்த இடம் படுக்கை, டிரங்குப் பெட்டி தலையணை. தோட்ட வேலைக்குப் போனவர்களுக்கு டிக்கெட் இலவசம் என்றார்கள். கங்காணி கொடுத்த முன்பணம் கரை இறங்கியபின் கூலியில் பிடிக்கப்பட்டது. 1907-இல் மலாயாவில் முதலாளிகளிடம் வரி வசூலித்துக் குடியேற்ற நிதி ஒன்று தொடங்கி டிக்கெட் செலவை அதிலிருந்து கொடுத்த பிறகுதான் அந்தக் கடன் சற்றுத் தளர்ந்தது. அடுத்து வந்த 'சிதம்பரம்' 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பிடித்துப் பலர் மாண்டதோடு அந்தப் பாதையும் முடிந்தது. இலவசம் என்று எழுதிய சீட்டோடு தமிழர் கப்பல் ஏறுவது இது முதல் முறை இல்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

அன்பளிப்பு வரியில் கப்பல்காரர் செய்வது திருப்பூருக்குத் தெரியாத வித்தையும் அல்ல, தலைகீழாகச் செய்கிறார், அவ்வளவுதான். ஒரு டி-சர்ட்டின் காஸ்டிங் தாளில் நூல், நிட்டிங், டையிங், கட்டிங், தையல், செக்கிங், அயர்ன், பேக்கிங் என்று வரிசையாக வரும். ஐரோப்பாவில் இருக்கும் பையர் ஐந்து சென்ட் குறைக்கச் சொன்னால் நூல் விலையில் குறைக்க முடியாது, மில்காரர் கேட்கமாட்டார். சாய விலையிலும் முடியாது. சாயக் கழிவு கலந்த நொய்யல் ஆறு நெடுங்காலம் அந்தத் தாளில் ஒரு வரியாகக்கூட இல்லை. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு சுத்திகரிப்புச் செலவும் ஏறி உட்கார்ந்துகொண்டது. மிஞ்சுவது தையல். அது பவர்டேபிள் காண்ட்ராக்டரின் டஜன் ரேட்டில் இறங்கும், அவர் பிசிறு வெட்டும் பெண்ணின் கூலியில் இறக்குவார். இங்கே கூலி மொத்த விலைக்குள் ஒளிந்திருப்பதால் தேய்கிறது. கப்பலில் கூலியை விலையிலிருந்து வெளியே எடுத்து வைத்திருப்பதால் தேய்கிறது. சேர்த்தாலும் நட்டம் உழைப்பவருக்கு, பிரித்தாலும் நட்டம் அவருக்கு.

மாற்று வழி இல்லாமலும் இல்லை. பிரிட்டனின் பி அண்ட் ஓ குரூசஸ் 2019-இல் நாள்தோறும் வசூலித்த அன்பளிப்பை எடுத்துவிட்டுப் பயணக் கட்டணத்துக்குள் கொண்டுவந்தது. ஆடைத் துறையில் ஃபேர் வேர் போன்ற அமைப்புகள் இதற்கு நேர்மாறாக, காஸ்டிங்கில் கூலியைத் தனி வரியாகக் காட்டி அதில் பேரம் பேசாதே என்கின்றன. ஒருவர் சேர்க்கச் சொல்கிறார், ஒருவர் பிரிக்கச் சொல்கிறார். பேரத்தின் கை எட்டாத இடத்தில் கூலியை வைக்க வேண்டும் என்பதே இருவரும் கேட்பது.

ஆக, கதவிடுக்கில் வரும் தாளை நிதானமாகப் படிக்க வேண்டும். குடிக்காத பானம், வாங்காத படம், திறக்காத குளிர்பெட்டிச் சரக்கு இருந்தால் காலை கூட்டம் சேரும் முன் இரவே போய்ச் சண்டை போடலாம், நியாயம் கிடைக்கும். அன்பளிப்பை எடுத்துவிட்டு அறைப் பையனுக்கு மட்டும் கையில் கொடுத்துவிடலாம் என்று நினைப்பவர்கள், பொதுவில் சேரும் அந்தத் தொகையில் பல கப்பல்களில் கண்ணில் படாத துணி துவைப்பவருக்கும் பாத்திரம் கழுவுபவருக்கும் பங்கு இருப்பதை யோசிக்க வேண்டும். டீலர் பயணம் என்றால் அன்பளிப்பைக் கம்பெனி கட்டுமா என்று புறப்படும் முன் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்வது உத்தமம். கட்டாது என்று பதில் வந்தாலும் எங்கள் ஊர் டீலர்கள் கலங்கிவிட மாட்டார்கள். முருங்கைக்கு மருந்து வாங்க வருகிறவரின் பில்லில் அதை எங்கே சேர்ப்பது என்று அவர்களுக்குத் தெரியும். கப்பல் பயணத்தையே அங்கிருந்துதான் கம்பெனி சேர்த்து எடுத்திருக்கிறது.